கம்பைலர் மாறினால் பழைய கவரேஜ் எண் செல்லுமா?

மரக்காணம் உப்பளக் கரையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சுமார் 50 கிலோமீட்டர் போனால் கல்பாக்கம். 500 மெகாவாட் திறனுள்ள முன்மாதிரி அதிவேக ஈனுலை அங்கே இருக்கிறது. 2004இல் கட்டுமானம் தொடங்கியது. 2024 மார்ச்சில் உலைக்கருவை நிரப்பும் பணி தொடங்கியது. அதன் குளிர்விப்பான் தண்ணீர் அல்ல, உருகிய சோடியம். கிட்டத்தட்ட 400 டிகிரி செல்சியஸில் உலைக்கருவுக்குள் நுழையும் சோடியம் 550 டிகிரியை நெருங்கி வெளியே வருகிறது. அந்த வெப்பநிலையைத் தெர்மோகப்பிள்கள் அளக்கின்றன. அளவுகள் தனித்தனியே இயங்கும் மூன்று கணினிகளுக்குப் போகின்றன. எல்லை மீறிவிட்டது என்று மூன்றில் இரண்டு சொன்னால் உலையை நிறுத்தும் உத்தரவு பிறக்கும்.

அந்தக் கணினிகளில் ஓடும் நிரல் எல்லா நிலைமைகளிலும் சோதிக்கப்பட்டதா என்ற கேள்வி கல்பாக்கத்துப் பொறியாளர்களுக்கு மட்டும் உரியதல்ல. புதுப்பட்டினம் முதல் மரக்காணம் வரை இந்தக் கரையில் வலை வீசுகிறவர்களுக்கும் உப்பு வாருகிறவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. கேள்விக்குப் பதிலாகப் பொறியாளர்கள் காட்டும் சான்றுகளில் ஒன்று கோட் கவரேஜ். எழுதிய நிரலில் எவ்வளவு பகுதி சோதனையின்போது உண்மையிலேயே ஓடியது என்ற கணக்கு அது. பார்வைக்கு எளிய எண். ஆனால் அந்த எண்ணைப் பெரும்பாலும், எழுதிய நிரலை இயந்திர நிரலாக மாற்றும் கம்பைலரின் துணையோடுதான் எடுக்கிறோம். கம்பைலர் மாறினால் எண் என்ன ஆகும்? பழைய எண்ணைப் புதியதோடு ஒப்பிடலாமா? பழைய சோதனைச் சான்று இனியும் செல்லுமா? இவை நம் நாட்டில் வேகமாக நெருங்கி வரும் கேள்விகள்.

நெருங்கி வருவதற்குக் காரணம் உண்டு. ஈனுலையின் வடிவமைப்பு ஆயுள் 40 ஆண்டுகள். எந்தச் சில்லும் அவ்வளவு காலம் சந்தையில் இருப்பதில்லை. கல்பாக்கத்து இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் இந்த உலைக்காக வடிவமைத்த நிகழ்நேரக் கணினிகள் மோட்டோரோலா 68020 என்ற செயலியைக் கொண்டவை. அது 1984இல் வெளிவந்த சில்லு. செயலியை மாற்றும் நாள் வந்தால் கம்பைலரும் கூடவே மாறும். விண்வெளித் துறையில் அந்த நாள் வந்தேவிட்டது. 2009 முதல் ஏவுகலங்களில் பறந்துவரும் விக்ரம் 1601 என்ற 16 பிட் செயலியின் அடுத்த தலைமுறையான விக்ரம் 3201ஐ இஸ்ரோ 2025 மார்ச்சில் பெற்றுக்கொண்டது. அதற்கான அடா மொழிக் கம்பைலர், அசெம்பிளர், லிங்கர், சிமுலேட்டர் எல்லாவற்றையும் இஸ்ரோவே உருவாக்கியது. சி மொழிக் கம்பைலர் உருவாகி வருவதாகவும் அப்போது அறிவித்தது. சென்னை ஐஐடியின் சக்தி செயலிகளோ ரிஸ்க்-ஃபைவ் கட்டமைப்பைச் சேர்ந்தவை. அந்தக் கட்டமைப்புக்கு ஜிசிசி என்ற கம்பைலர் 2017இலும் எல்எல்விஎம் என்ற கம்பைலர் திட்டம் 2019இலும் முறையான ஆதரவு தந்தன. சக்தியை அடிப்படையாகக் கொண்டு இஸ்ரோவும் ஐஐடியும் சேர்ந்து உருவாக்கிய ஐரிஸ் என்ற விண்வெளிச் சில்லு 2025 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. இண்டல், ஆர்ம் செயலிகளுக்கு எழுதிய பழைய நிரல்கள் இத்தகைய சில்லுகளுக்கு இடம்பெயரும் ஒவ்வொரு முறையும் இந்தக் கட்டுரையின் கேள்வி எழும்.

கவரேஜ் பழைய யோசனை. சோதனை நிரலின் எந்தெந்தப் பாதையைத் தொட்டது என்று முறையாகக் கணக்கிட வேண்டும் என ஜோன் மில்லரும் கிளிஃபோர்ட் மலோனியும் 1963இலேயே எழுதிவிட்டார்கள். அதன்பின் அளவுகள் பெருகின. வரி ஓடியதா என்பது ஒரு அளவு. நிபந்தனையின் இரு கிளைகளும் ஓடினவா என்பது இன்னொன்று. கூட்டு நிபந்தனையில் ஒவ்வொரு உறுப்பும் தன்னளவில் முடிவை மாற்ற வல்லது என்று காட்டினோமா என்பது இவற்றில் கடினமானது. எம்சி/டிசி என்று அதை அழைப்பார்கள். விமான மென்பொருளுக்கான டிஓ-178சி என்ற தரம், பழுதானால் விமானமே விழக்கூடிய மென்பொருளுக்கு எம்சி/டிசியைக் கட்டாயமாக்குகிறது. அதற்குக் கீழ்நிலைக்குக் கிளைக் கணக்கு, அதற்கும் கீழ்நிலைக்கு வாக்கியக் கணக்கு போதும். ஒரகடத்திலும் மகிந்திரா சிட்டியிலும் வாகன மென்பொருள் எழுதுகிறவர்கள் ஐஎஸ்ஓ 26262 என்ற தரத்தின் வழியாக இதே அளவுகளைச் சந்திக்கிறார்கள்.

இந்த அளவுகளைக் கம்பைலர் எப்படி எடுக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சி, சி++ உலகில் பரவலாகப் புழங்கும் இரண்டு கம்பைலர்கள் ஜிசிசியும் கிளாங்கும். முதலாவது ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987இல் வெளியிட்டது. இரண்டாவது, இல்லினாய் பல்கலைக்கழகத்தில் விக்ரம் ஆத்வேயின் வழிகாட்டலில் கிறிஸ் லாட்னர் தொடங்கிய எல்எல்விஎம் திட்டத்திலிருந்து வளர்ந்தது. கவரேஜை இவை இரண்டும் அடிப்படையிலேயே வேறு வேறு இடங்களில் நின்று அளக்கின்றன.

ஜிசிசி முதலில் நம் மூலநிரலைத் தன் உள்வடிவத்துக்கு மாற்றிக்கொள்கிறது. அந்த உள்வடிவத்தை முனைகளும் அவற்றை இணைக்கும் பாதைகளும் கொண்ட வரைபடமாகப் பார்க்கிறது. பாதைகளில் எண்ணிகளைப் பொருத்துகிறது. எல்லாப் பாதையிலும் அல்ல, தேவையான சிலவற்றில் மட்டும். ஒரு முனைக்குள் வந்த ஓட்டமும் வெளியேறிய ஓட்டமும் சமமாக இருந்தாக வேண்டும் என்பதால் மீதியைக் கூட்டிக் கழித்துக் கண்டுபிடித்துவிடலாம். சோதனை முடிந்ததும் ஜிகவ் என்ற கருவி இந்த எண்ணிக்கைகளைத் திரும்ப வரிகளோடு பொருத்திக் காட்டும். கிளாங்கின் மூலநிரல் சார்ந்த கவரேஜ் 2015 வாக்கில் பயன்பாட்டுக்கு வந்தது. அது உள்வடிவத்துக்குப் போகும் முன்பே, நாம் எழுதிய இலக்கண அமைப்பின் மீதே எண்ணிகளை வைக்கிறது. அதன் அலகு வரி அல்ல, பகுதி. ஒரே வரியில் மூன்று பகுதிகள் இருக்கலாம். ஒரே பகுதி பத்து வரிக்கு நீளலாம்.

மரக்காணத்து உப்பளத்தை எடுத்துக்கொண்டால் இது சட்டென்று விளங்கும். ஒரே அளத்தை ஒருவர் 100 பாத்தியாக வரப்பு கட்டிப் பிரிக்கிறார். இன்னொருவர் அதையே 140 பாத்தியாகப் பிரிக்கிறார். கடல் ஓரத்து மூலை மட்டும் இன்னும் விளையவில்லை. முதல் ஆள் 90 பாத்தி விளைந்தது என்பார். இரண்டாம் ஆளின் சிறிய பாத்திகளில் 119 விளைந்திருக்கும். ஒருவர் கணக்கில் 90 விழுக்காடு, மற்றவர் கணக்கில் 85. நிலமும் ஒன்று, விளைந்த உப்பும் ஒன்று. கம்பைலர் மாறும்போது கவரேஜ் விழுக்காடு ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தது. வகுக்கும் எண் மாறிவிட்டது, அவ்வளவே.

ஆனால் எல்லா ஏற்ற இறக்கமும் இந்த வகையைச் சேர்ந்ததல்ல. அதனால்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் பயன்படாத ஃபங்ஷன்கள். தலைப்புக் கோப்பில் ஒருவர் எழுதி வைத்து யாருமே அழைக்காத சிறு ஃபங்ஷனுக்கு ஜிசிசி பொதுவாக இயந்திர நிரலே உருவாக்காது. உருவாக்காததால் கவரேஜ் கணக்கிலும் அது தோன்றாது. கிளாங் அதையும் பட்டியலில் சேர்த்து, பூஜ்ஜியம் முறை ஓடியது என்று சிவப்பில் காட்டும். கிளாங்குக்கு மாறிய மறுநாள் விழுக்காடு விழுந்தால், சோதனை கெட்டுவிட்டது என்று பதறுவதற்கு முன் இந்தச் சிவப்பைத்தான் பார்க்க வேண்டும். இங்கே கிளாங் சொல்வதே நேர்மையான கணக்கு என்பது என் எண்ணம். எழுதப்பட்டும் சோதிக்கப்படாத நிரல் இருக்கிறது என்ற உண்மையை அது மறைக்கவில்லை.

அடுத்து எக்செப்ஷன், அதாவது பிழை நேர்ந்ததும் ஃபங்ஷனைவிட்டு இடையிலேயே வெளியேறும் வழி. சி++ நிரலில் எக்செப்ஷன் வீசக்கூடிய ஒவ்வொரு அழைப்புக்கும் இரண்டு வழிகள் உண்டு: இயல்பாகத் திரும்புவது ஒன்று, வீசி வெளியேறுவது மற்றொன்று. ஜிசிசியின் வரைபடத்தில் இரண்டும் இருப்பதால் ஜிகவ் இரண்டையும் கிளைகளாக எண்ணுகிறது. நிரலில் ‘இஃப்’ என்று ஒன்றுகூட எழுதாத வரியில் நான்கு கிளைகள், இரண்டு ஓடவில்லை என்று அறிக்கை வரும்போது புதியவர்கள் திகைத்துப் போகிறார்கள். இந்த மறைவான கிளைகளை நீக்கவே ஜிகவ்ஆர் போன்ற அறிக்கைக் கருவிகளில் தனி வசதி இருக்கிறது. கிளாங்கின் மூலநிரல் கவரேஜில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அங்கே எதிர்ப்பக்கத்தில் ஒரு பிழை உண்டு. கிளாங்கின் ஆவணமே அதை ஒப்புக்கொள்கிறது. ஒரு ஃபங்ஷனின் முதல் வரி எக்செப்ஷன் வீசி வெளியேறிவிட்டாலும், அடுத்த வரியும் அதே பகுதியில் இருப்பதால் அதுவும் ஓடியதாகக் கணக்கில் ஏறிவிடும். ஓடாத வரி பச்சையாகத் தெரியும். பாதுகாப்பு மென்பொருளில் இது சிறிய விஷயமல்ல. ஓடிய வரியைச் சிவப்பாகக் காட்டும் கருவி நம் நேரத்தை வீணாக்கும். ஓடாத வரியைப் பச்சையாகக் காட்டும் கருவி நம்மை ஏமாற்றும்.

மூன்றாவது, ஆப்டிமைசேஷன். இயந்திர நிரலை வேகமாக்குவதற்காகக் கம்பைலர் இரண்டு வரிகளை ஒன்றாக்கும், ஃபங்ஷனை அழைத்த இடத்திலேயே விரித்து வைக்கும், பயனில்லை என்று கண்ட பகுதியை அழித்துவிடும். ஜிகவ் வரிகளை உள்வடிவத்திலிருந்து மீட்டெடுப்பதால் இந்த மாற்றங்கள் கணக்கைக் குழப்பும். ஆகவே ஆப்டிமைசேஷன் இல்லாமல் அளக்கச் சொல்வது வழக்கம். கிளாங் முன்னதாகவே எண்ணிகளை வைத்துவிடுவதால் அதற்கு இந்தச் சிக்கல் குறைவு.

சின்னச் சின்ன வேறுபாடுகள் இன்னும் உண்டு. மூடும் அடைப்புக்குறி ஒரு வரியா? கருத்துரை மட்டும் உள்ள வரி எண்ணப்படுமா? சில ஆண்டுகள் முன்புவரை கிளாங்கில் வெற்று வரிகளும் கருத்துரைகளும்கூடப் பகுதிக்குள் விழுந்தால் வரிக் கணக்கில் சேர்ந்தன, பிறகு விலக்கப்பட்டன. அதாவது கம்பைலரையே மாற்ற வேண்டியதில்லை, பதிப்பு மாறினாலே எண் மாறும். ஜிசிசி தன் எண்ணிக்கைக் கோப்பில் பதிப்பு முத்திரை குத்துகிறது, வேறு பதிப்பின் கோப்பைக் கலந்தால் பொருந்தவில்லை என்று மறுக்கிறது. 2004இல் வந்த 3.4 பதிப்பில் அந்தக் கோப்பு வடிவமே மாறிப்போனது.

உட்பொதி கணினிகளில் இன்னொரு பள்ளம் உண்டு. எண்ணிக்கைகள் நிரல் முறையாக முடியும்போதுதான் கோப்பில் எழுதப்படுகின்றன. அணு உலைக் கணினியின் நிரல் முடிவதே இல்லை. முடிந்தாலும் எழுதக் கோப்பு அமைப்பு அங்கே கிடையாது. ஆகவே நடுவில் நிறுத்தி எண்ணிகளை வெளியே எடுக்கத் தனியே அழைப்பு எழுத வேண்டும். அந்த அழைப்பும் நிலையாக இருப்பதில்லை. பல ஆண்டுகள் புழங்கிய பழைய ஃப்ளஷ் அழைப்பை ஜிசிசி 11 நீக்கிவிட்டு வேறு இரண்டைப் பயன்படுத்தச் சொன்னது. கிளாங்கும் அதே காலத்தில் நீக்கியது. இதைக் கவனிக்காமல் கம்பைலரை மாற்றியவர்களுக்கு எண் குறையாது, எண்ணே வராது. பல இழைகள் ஒரே எண்ணியைக் கூட்டும்போது எண்ணிக்கை தவறுவதும் உண்டு. அதற்கு ஜிசிசி 7 முதல் அணுநிலைக் கூட்டல் வசதி இருக்கிறது.

இதுவரை சொன்னவை அளவுகோலின் வேறுபாடுகள். இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு இந்தக் கேள்வியின் மையமாகப் படுகிறது. கம்பைலர் மாறும்போது அளவுகோல் மட்டும் மாறுவதில்லை, சில சமயம் நிரலின் நடத்தையே மாறுகிறது. கவரேஜ் அதைக் காட்டிக்கொடுக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. சி மொழியில் ‘சார்’ என்ற எழுத்து வகை எதிர்ம எண்ணை ஏற்குமா ஏற்காதா என்பதை மொழி முடிவு செய்யவில்லை. கம்பைலரின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. இண்டல் கணினியில் வழக்கமாக ஏற்கும். ரிஸ்க்-ஃபைவில் ஏற்காது. உணரி பழுதானால் மைனஸ் ஒன்று வரும் என்று வைத்து, அதை ‘சார்’ மாறியில் வாங்கி, பூஜ்ஜியத்துக்குக் குறைவா என்று பார்க்கும் நிரலை நினைத்துப் பாருங்கள். பழைய கம்பைலரில் அந்தக் கிளை சோதனையில் ஓடியது, பச்சை. ரிஸ்க்-ஃபைவுக்கு மாறியதும் அதே சோதனையில் அந்தக் கிளை ஓடுவதே இல்லை. மைனஸ் ஒன்று 255 ஆகிவிட்டது. பழுதைக் கண்டுபிடிக்கும் வழி செத்துப்போனது. விழுக்காட்டில் இது ஒரு துளிகூடத் தெரியாமல் போகலாம். ஆயிரக்கணக்கான வரிகளில் ஒரே ஒரு வரி பச்சையிலிருந்து சிவப்புக்குப் போனதுதான் தடயம்.

முழு எண் நிரம்பி வழிகிறதா என்று பார்க்கப் பழைய நிரலாளர்கள் எழுதும் சோதனையும் இப்படித்தான். ஒன்றைக் கூட்டியபின் எண் முன்பைவிடக் குறைந்ததா என்று கேட்பார்கள். குறியுள்ள எண்கள் வழிவதை சி மொழி வரையறுக்காமல் விட்டிருப்பதால், இப்படி ஒருபோதும் நடக்காது என்று எடுத்துக்கொண்டு இன்றைய கம்பைலர்கள் அந்தச் சோதனையையே நீக்கிவிடுகின்றன. ஃபங்ஷனுக்குத் தரும் மதிப்புகளை எந்த வரிசையில் கணக்கிடுவது என்பதும் திறந்தே விடப்பட்ட விஷயம். அதில் ஜிசிசியும் கிளாங்கும் எதிரெதிராக நடந்துகொள்வதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். நிரலில் தவறு முன்பே இருந்தது, பழைய கம்பைலர் அதை மூடி வைத்திருந்தது. புதிய கம்பைலர் திறந்துவிட்டது.

ஆகவே என் முடிவு இது: கம்பைலரை மாற்றும் குழு ஒப்பிட வேண்டியது இரண்டு விழுக்காடுகளை அல்ல, இரண்டு பட்டியல்களை. நிரலும் சோதனைகளும் கொஞ்சமும் மாறாமல் இரண்டு கம்பைலரிலும் ஓட்டி, ஒன்றில் ஓடி மற்றதில் ஓடாத வரிகளைத் தனியே எடுக்க வேண்டும். அவற்றில் பெரும்பகுதி அளவுகோல் வேறுபாடாக இருக்கும். மேலே சொன்ன காரணங்களில் ஒன்றைச் சொல்லி ஒதுக்கிவிடலாம். காரணம் சொல்ல முடியாமல் மிஞ்சும் வரிகள் சிலவே. அந்தச் சில வரிகளுக்காகவே இவ்வளவு வேலையும்.

பெரிய மென்பொருள்கள் இந்த வழியைக் கடந்துதான் வந்திருக்கின்றன. ஆப்பிள் 2013இல் எக்ஸ்கோடு 5இலிருந்து ஜிசிசியை விலக்கியது. ஃப்ரீபிஎஸ்டி 2014இல் தன் 10ஆம் பதிப்பில் கிளாங்கை இயல்புக் கம்பைலராக்கியது. விண்டோஸில் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 2018இல் மைக்ரோசாஃப்ட் கம்பைலரிலிருந்து கிளாங்குக்கு வந்தன. ஆண்ட்ராய்டு அதே ஆண்டில் தன் என்டிகே கருவித்தொகுப்பிலிருந்து ஜிசிசியை எடுத்தது. லினக்ஸ் கருவில் 2009 முதல் ஜிகவ் வசதி உண்டு. கிளாங்கால் கட்டும் கருவுக்கும் அது 2019இல் வந்து சேர்ந்தது. மாற்றம் நடந்த இடங்களில் அளக்கும் கருவியையும் சேர்த்து மாற்ற வேண்டியிருந்தது. கிளாங் ஜிகவ் போலவே கோப்பு எழுதும் வழியையும் வைத்திருக்கிறது. ஆனால் நெடுங்காலம் அது ஜிசிசி 4.2இன் பழைய வடிவில் எழுதிக்கொண்டிருந்ததால், கணினியில் இருந்த புதிய ஜிகவ் அதைப் படிக்க மறுத்தது. மாறுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் தடுக்கி விழும் இடம் இன்றும் இதுதான்.

இனி கடினமான அளவுக்கு வருவோம். கல்பாக்கத்தை மனத்தில் வைத்து, விளக்கத்துக்காக ஒரு வரியைக் கற்பனை செய்வோம்: வெப்பநிலை எல்லை மீறினால் அல்லது தெர்மோகப்பிள் அறுந்திருந்தால், கூடவே உலை இயங்கிக்கொண்டிருந்தால், நிறுத்து. மூன்று நிபந்தனைகள், ஒரே வரி. உலை இயங்கும்போது வெப்பநிலையை ஏற்றி ஒரே ஒரு சோதனை செய்தால் வரிக் கணக்கு 100 விழுக்காடு. கிளைக் கணக்கில் ஆறில் இரண்டுதான். தெர்மோகப்பிள் பற்றிய கேள்வியே கேட்கப்படவில்லை. இன்னும் இரண்டு சோதனைகள் சேர்ப்போம். எதுவும் பழுதில்லாத நிலை ஒன்று. தெர்மோகப்பிள் அறுந்து, உலை இயங்காத நிலை ஒன்று. இப்போது ஆறு கிளைகளும் ஓடிவிட்டன, கிளைக் கணக்கும் 100 விழுக்காடு. ஆனால் உலை இயங்கும்போது தெர்மோகப்பிள் அறுந்தால் நிறுத்தும் உத்தரவு வருமா என்பதை நாம் சோதிக்கவே இல்லை! எம்சி/டிசி இந்த ஓட்டையைப் பிடித்துவிடும். மூன்று நிபந்தனைக்குக் குறைந்தது நான்கு சோதனை கேட்கும். விடுபட்ட நான்காவது சோதனை இதுதான்.

விமான மென்பொருள் துறையில் அடாகோர் நிறுவனத்தார் இதை 2012இல் கணிதமாகவே நிறுவினார்கள். இயந்திர நிரலின் எல்லாக் கிளைகளும் ஓடினாலும், நிபந்தனை ஒன்றை இரண்டு வழிகளில் அடைய முடிந்தால், எம்சி/டிசி நிறைவேறிவிட்டதாகச் சொல்ல முடியாது. மேலே சொன்ன வரியில் ‘உலை இயங்குகிறதா’ என்ற கேள்விக்கு இரண்டு வழிகளில் வருகிறோம் என்பதைக் கவனியுங்கள். கம்பைலர் இந்த வரியை எப்படிக் கிளைகளாகப் பிரிக்கிறது என்பதும் நிலையானதல்ல. எளிய நிபந்தனைகள் இரண்டு அடுத்தடுத்து வந்தால் ஜிசிசி சில சமயம் இரண்டையும் ஒரே கணக்காகச் சேர்த்துவிடும். ஆறு கிளை நான்காகிவிடும்.

நல்ல செய்தி என்னவென்றால், முன்பு விலை உயர்ந்த வணிகக் கருவிகளிடமும் சில தனிக் கருவிகளிடமும் இருந்த இந்த அளவு 2024இல் இரண்டு இலவசக் கம்பைலர்களுக்கும் வந்துவிட்டது. எல்எல்விஎம் 18 எம்சி/டிசியைத் தந்தது. அதே ஆண்டில் ஜிசிசி 14 நிபந்தனைக் கவரேஜைத் தந்தது. சிறிய நிறுவனமும் கல்லூரி ஆய்வகமும் இதை இன்றே பயன்படுத்தலாம். கம்பைலர் மாறும்போது ஒப்பிட மிகத் தகுந்த அளவும் இதுவே என்று நான் கருதுகிறேன். மூலநிரலில் நாம் எழுதிய நிபந்தனையின் பொருளைப் பற்றி அது பேசுவதால், இயந்திர நிரலின் தற்செயல்களால் அதிகம் அசையாது.

தரங்கள் இந்தக் கேள்வியை எப்படிப் பார்க்கின்றன? டிஓ-178 குழப்பமில்லாமல் பேசுகிறது. வேறு கம்பைலரோ வேறு கம்பைலர் அமைப்புகளோ வேறு இயந்திர நிரலைத் தந்தால், பழைய இயந்திர நிரலை வைத்துச் செய்த சரிபார்ப்பின் முடிவுகள் செல்லாமல் போகலாம், புதிய பயன்பாட்டுக்கு அவற்றை எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது அதன் நிலை. மிக உயர்ந்த பாதுகாப்பு நிலையில், மூலநிரலோடு நேரடியாகத் தொடர்புபடுத்த முடியாத இயந்திர நிரலைக் கம்பைலர் சேர்த்தால் அதையும் தனியே சரிபார்க்கச் சொல்கிறது. எண்ணிகள் பொருத்திய நிரலும் பறக்கப்போகும் நிரலும் ஒன்றல்ல என்பதால், கவரேஜ் எடுத்த சோதனைகளை எண்ணிகள் இல்லாத உண்மையான நிரலிலும் ஓட்டி, விடைகள் ஒன்றாக இருப்பதைக் காட்ட வேண்டும். நம் நாட்டில் அழுத்தக் கனநீர் வகை அணு உலைகளின் கணினி சார்ந்த அமைப்புகளுக்கென்றே அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 2010இல் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. இத்துறையில் கம்பைலரை ஓரமாகக் கிடக்கும் கருவியாகப் பார்ப்பதற்கில்லை. அதுவும் பாதுகாப்புச் சங்கிலியில் ஒரு கண்ணி.

அந்தக் கண்ணியை நம்பலாமா? 2011இல் யூட்டா பல்கலைக்கழகத்தார் சிஸ்மித் என்ற கருவியால் தற்செயல் சி நிரல்களை உருவாக்கிக் கம்பைலர்களுக்குத் தந்தார்கள். அதுவரை அறியப்படாத 325க்கும் மேற்பட்ட பிழைகளைக் கண்டு அறிவித்தார்கள். அதே முறையில் 2019இல் சீன ஆய்வாளர்கள் கவரேஜ் கருவிகளையே சோதித்தார்கள். ஒரே நிரலை ஜிகவிடமும் எல்எல்விஎம்மின் கருவியிடமும் கொடுத்து, இரண்டும் வேறு வேறு எண் சொல்லும் இடங்களைத் தேடினார்கள். இரண்டிலும் பத்துக்கணக்கில் பிழைகள் அகப்பட்டன. அவர்கள் ஆய்வாகச் செய்ததைத்தான் கம்பைலரை மாற்றும் ஒவ்வொரு குழுவும் தன் நிரலில் செய்து பார்க்க வாய்ப்புப் பெறுகிறது. இரண்டு கருவிகளும் கையில் இருக்கும் அந்தச் சில வாரங்களை வீணாக்கக் கூடாது.

கவரேஜ் என்ற அளவையே ஐயப்படுகிறவர்களும் உண்டு. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. 2014இல் இனோசெம்ட்சேவா, ஹோம்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஐந்து பெரிய ஜாவா மென்பொருள்களுக்கு 31,000 சோதனைத் தொகுப்புகளை உருவாக்கிப் பார்த்தார்கள். சோதனைகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்திப் பார்த்தால், கவரேஜ் கூடியதற்காகப் பிழை பிடிக்கும் திறன் பெரிதாகக் கூடவில்லை. நிரல் ஓடியது என்பதும் விடை சரிபார்க்கப்பட்டது என்பதும் ஒன்றல்லவே.

இந்த இடத்தில் கல்பாக்கத்திலிருந்து வந்த ஒரு சிந்தனை எனக்கு மதிப்புள்ளதாகப் படுகிறது. இந்திரா காந்தி மைய ஆய்வாளர்கள் 2012இல் அணு ஆற்றல் ஆய்விதழ் ஒன்றில், அணு உலைப் பாதுகாப்பு மென்பொருளின் நம்பகத்தை எண்ணால் சொல்ல ஒரு முறையை முன்வைத்தார்கள். நிரலில் வேண்டுமென்றே சின்னத் தவறுகளைப் புகுத்தி, சோதனை அவற்றைப் பிடிக்கிறதா என்று பார்க்கும் மியூடேஷன் சோதனையை அவர்கள் சரிபார்ப்போடு இணைத்தார்கள். மென்பொருளின் நம்பகம் மூன்றைப் பொறுத்தது என்பது அவர்கள் கண்ட முடிவு: சோதனை எவ்வளவு போதுமானது, சரிபார்ப்பு எவ்வளவு நடந்தது, ஏற்கெனவே சரிபார்த்த நிரல் எவ்வளவு மறுபடி பயன்பட்டது. கம்பைலர் மாற்றத்தை இதன் வழியே பார்த்தால் விளக்கம் கிடைக்கிறது. மூன்றாவது காரணியில்தான் அடி விழுகிறது. மூலநிரல் பழையதே என்றாலும் இயந்திர நிரல் புதியது; ‘சரிபார்த்த நிரலை மறுபடி பயன்படுத்துகிறோம்’ என்று இனி அப்படியே சொல்ல முடியாது. இழந்ததை முதல் இரண்டு காரணிகளால் ஈடுகட்ட வேண்டும். மியூடேஷன் இங்கே இன்னொரு வகையிலும் உதவும். புகுத்திய தவறுகளில் எத்தனை பிடிபட்டன என்ற கணக்குக்கு, வரியை எப்படி எண்ணுவது என்ற சச்சரவு கிடையாது. மூலநிரலில் தவறைப் புகுத்தினால் இரண்டு கம்பைலரிலும் அதே தவறு. பழையதில் பிடிபட்டது புதியதில் தப்பினால் ஏன் என்று கேட்கலாம். நேரம் அதிகம் பிடிக்கும் என்பது உண்மை. முழு நிரலுக்கும் முடியாவிட்டால், நிறுத்த உத்தரவு தரும் பகுதிக்காவது செய்தாக வேண்டும்.

சென்னையிலும் புதுச்சேரியிலும் இந்த வேலையில் இருக்கும் பொறியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். அறிக்கையில் கவரேஜ் எண்ணை எழுதும் இடத்திலேயே கம்பைலரின் பெயர், பதிப்பு, ஆப்டிமைசேஷன் நிலை, எந்த அளவு, எந்தக் கருவி என்று ஐந்தையும் எழுதுங்கள். இவை இல்லாத எண்ணை இன்னொரு எண்ணோடு ஒப்பிடாதீர்கள், ஒப்பிடவும் அனுமதிக்காதீர்கள். ஒப்பந்தத்தில் 80 விழுக்காடு, 90 விழுக்காடு என்று எழுதி வைத்திருக்கும் மேலாளர்கள், கம்பைலர் மாறும் காலாண்டில் அந்த விதியை நிறுத்தி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் எண்ணை மீட்பதற்காக ஒன்றுக்கும் உதவாத சோதனைகளை எழுதுவதில்தான் பிள்ளைகளின் உழைப்பு போகும். அதற்குப் பதிலாக, பழைய கம்பைலரில் ஓடிப் புதியதில் ஓடாத வரிகளின் பட்டியலைக் கேளுங்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே காரணம் எழுதிக் கையெழுத்திடச் சொல்லுங்கள். காரணம் எழுதப்படாத வரி ஒன்று மிஞ்சியிருந்தாலும் புதிய நிரலை உலைக்கோ ஏவுகலத்துக்கோ அனுப்ப வேண்டாம்.